மக்னோலியா: வீட்டுத் தோட்டத்துக்கு வந்த வரலாறு

மக்னோலியா என்பது மக்னோலியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூமரங்களின் பேரினம். ஆசியாவின் தெற்கு, கிழக்குப் பகுதிகளிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் இதன் 200க்கும் மேற்பட்ட இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட செண்பகமும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே.

பழமை

பூக்கும் தாவரங்களில் மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்று மக்னோலியா. இதற்கு நெருங்கிய தாவரங்களின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் பழமையானவை. இதன் பூக்களில் பெரும்பாலும் கடின இறக்கை கொண்ட வண்டுகளே மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. பூவின் இதழ்கள் தடித்திருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகத் தாவரவியலாளர் கூறுவர்.

பெயர்

பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் ப்ளூமியே, மார்த்தினிக் தீவில் கண்ட ஒரு மரத்துக்கு 1703இல் இப்பெயரைச் சூட்டினார். மோன்பெலியே நகரின் தாவரவியலாளர் பியேர் மக்னோலின் (1638–1715) நினைவாக அமைந்த பெயர் இது. தாவரங்களைக் குடும்பங்களாகப் பகுக்கும் முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் மக்னோல் ஒருவர். பின்னர் லின்னேயசும் இப்பெயரையே ஏற்றுக்கொண்டார்.

தோட்டங்களில் பரவல்

சீனாவில் தாங் அரசமரபின் காலம் (618–907) முதலே பௌத்த மடங்களின் தோட்டங்களில் யூலான் என்னும் வெண்மக்னோலியா வளர்க்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு முதலில் வந்ததோ அமெரிக்க இனம். வர்ஜீனியாவில் பணியாற்றிய பாதிரியார் ஜான் பானிஸ்டர், லண்டன் ஆயர் ஹென்றி காம்ப்டனின் ஃபுல்ஹாம் தோட்டத்துக்கு 1688இல் ஒரு மக்னோலியாவை அனுப்பினார்.

அடுத்த நூற்றாண்டில், ஆண்டு முழுதும் இலை உதிராமல் பெரிய வெள்ளைப் பூக்கள் பூக்கும் மக்னோலியா கிராண்டிஃபுளோரா புகழ்பெற்றது. இங்கிலாந்தின் எக்ஸ்மவுத்தில் சர் ஜான் காலிட்டன் வளர்த்த மரத்தைத் தோட்டக்காரர்கள் குத்தகைக்கு எடுத்தனர். சாரம் கட்டி, மண் நிரப்பிய தொட்டிகளை உயரே வைத்து, கிளைகளைப் பதியம் போட்டனர். தொடக்கத்தில் ஒரு கன்று ஐந்து கினி வரை விற்றது. 1794ஆம் ஆண்டு வாக்கில் அம்மரம் தவறுதலாக வெட்டப்பட்டது. எனினும் பதியன்கள் வழியாக அதன் வகை இன்றும் ‘எக்ஸ்மவுத்’ என்ற பெயரில் வளர்கிறது.

சிறு தோட்டங்களுக்கு மக்னோலியா வரக் காரணமானவர் எத்தியேன் சூலாஞ்ச்-போதேன். நெப்போலியனின் படையில் பணியாற்றிய இவர், போருக்குப் பின் பாரிசுக்கு அருகே ஃப்ரோமோனில் தோட்டக்கலையில் ஈடுபட்டார். 1820இல் யூலானையும் ஊதாப்பூ பூக்கும் மற்றொரு ஆசிய இனத்தையும் கலந்தார். அக்கலப்பில் பிறந்த கன்று 1826இல் முதன்முதலாகப் பூத்தது. சூலாஞ்சியானா எனப்படும் இக்கலப்பினம் அளவில் சிறியது. இளம் வயதிலேயே பூப்பது. குளிர்நாட்டு வீடுகளில் இன்று அதிகம் காணப்படும் மக்னோலியா இதுவே.

நடவும் பராமரிப்பும்

மக்னோலியாவின் வேர்கள் சதைப்பற்றுள்ளவை. மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் பரவுபவை. வெட்டுப்பட்டால் எளிதில் தேறாதவை. ஆகவே வளர்ந்த மரத்தை இடம் மாற்றுவது பெரும்பாலும் அதற்குக் கேடாக முடியும். நடுமுன் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இம்மரத்துக்கான முதன்மைப் பராமரிப்பு.

- கிராண்டிஃபுளோரா 20 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. சுவரையும் கட்டடத்தையும் விட்டு விலகி நட வேண்டும்.
- நீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மை கொண்ட மண் ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலைகள் மஞ்சளாகும்.
- தொட்டியில் இருந்த அதே ஆழத்திலேயே கன்றை நட வேண்டும். ஆழப் புதைத்தல் கூடாது.
- முதல் சில ஆண்டுகள் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். மரத்தடியைக் கொத்தாமல், சருகுகளால் மூடாக்கு இட வேண்டும்.
- கடுமையாகக் கவாத்து செய்யக் கூடாது.

விதையிலிருந்து வளரும் கிராண்டிஃபுளோரா பூக்கப் பத்தாண்டுகளும் ஆகலாம். ஒட்டுக்கன்றும் பதியனும் இந்தக் காத்திருப்பைக் குறைக்கின்றன.

செண்பகம்

குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்ப் பட்டியலில் சண்பகமும் ஒன்று. இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலியின் பெயரால் அமைந்த மிக்கேலியா பேரினத்தில் லின்னேயசு 1753இல் செண்பகத்தைச் சேர்த்தார். 1880இல் இது மக்னோலியா சம்பகா என்றும் பெயரிடப்பட்டது. பின்னாளில் மரபணு ஆய்வுகள் இவ்விரு பேரினங்களையும் பிரித்து வைக்க இயலாது எனக் காட்டியதால் இப்பெயர் நிலைபெற்றது.

செண்பக விதைகள் உலர்ந்தால் முளைப்புத் திறனை விரைவில் இழக்கும். ஆகவே பழுத்ததும் சிவந்த சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். வெயில், வடிகால், வேரைத் தொந்தரவு செய்யாமை ஆகியவை இதற்கும் பொருந்தும். மக்னோலியாவைக் குளிர்நாட்டு மரமாகப் படங்களில் மட்டும் காணும் தமிழ் வாசகருக்கு, அதன் இனம் ஒன்று தம் ஊர் நந்தவனத்திலேயே மணத்துக்கொண்டிருக்கிறது.