சாக மறுத்த பிரவுசர்

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு (ஐஇ6) 2001 ஆகஸ்டில் வெளிவந்தபோது அதற்கு எதிரியே இல்லை. நெட்ஸ்கேப் ஏற்கெனவே வீழ்ந்திருந்தது. அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு அது எல்லா மேசைகளிலும் ஏறி உட்கார்ந்தது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் அயர்ந்துவிட்டது. ஏழாம் பதிப்பு வர 2006 ஆகிவிட்டது.

அதற்குள், 2004-ல், ஃபயர்ஃபாக்ஸ் வந்திருந்தது. டெவலப்பர்கள் அதில் தளத்தைக் கட்டி முடித்துவிட்டு, ஐஇ6-ல் பயந்துகொண்டே திறப்பார்கள். ஃப்ளோட் செய்த பெட்டியின் மார்ஜின் இரட்டிப்பாகியிருக்கும். பின்னணி தெரிய வேண்டிய பிஎன்ஜி படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம் அப்பியிருக்கும். அதற்கென்றே தனி சிஎஸ்எஸ் எழுதியாக வேண்டும். அந்தக் கூலியை யார் தருவது? சில நிறுவனங்கள் ஐஇ6 வேலைக்குத் தனியாகப் பணம் கேட்டன, நியாயம்தான். ஆனால் கிளையன்டின் அலுவலகத்திலேயே அந்த பிரவுசர்தான் ஓடும் என்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். பழைய உள்அலுவலக மென்பொருள்கள் அதை நம்பியே எழுதப்பட்டிருந்தன. மாற்றினால் செலவு என்று பிரிட்டிஷ் அரசே 2010-ல் கைவிட மறுத்தது.

அதை உண்மையில் அசைத்தது ஒரு சதி. 2009-ல் யூடியூபின் பொறியாளர்கள் சிலர், மேலிடத்தைக் கேட்காமலே, ஐஇ6-ல் வருபவர்களுக்கு மட்டும் ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டார்கள்: இதற்கான ஆதரவு விரைவில் நிற்கும், வேறொன்றுக்கு மாறுங்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ் ஜகரியாஸ் பத்தாண்டு கழித்துத்தான் கதையை வெளியே சொன்னார். கூகுள் குரோமுக்குச் சலுகை காட்டுகிறீர்களா என்று வக்கீல்கள் பதறி வந்தார்களாம். அறிவிப்பில் பரிந்துரைத்த பிரவுசர்களின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுவதைக் காட்டியதும் அடங்கினார்கள். மேலிடத்தின் முடிவுதான் போலிருக்கிறது என்று நினைத்து கூகுள் டாக்ஸ் குழுவும் அப்படியே ஓர் அறிவிப்பை வைத்தது! பெரிய நிறுவனங்களில் துணிச்சல் பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது.

2010 மார்ச்சில் டென்வரில் ஒரு டிசைன் நிறுவனம் ஐஇ6-க்கு இறுதிச்சடங்கே நடத்தியது. மைக்ரோசாஃப்ட் பூ அனுப்பியது. மறு ஆண்டு, உலகப் பயன்பாட்டை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்க மைக்ரோசாஃப்டே ஒரு தளம் திறந்தது. அப்போதும் சீனாவில் மூன்றில் ஒரு பங்கு பேர் அதில்தான் இருந்தார்கள். பெய்ஜிங்கில் கடைத்தளம் கட்டிக்கொண்டிருந்தவர் ஐஇ6-க்கான சிஎஸ்எஸ்ஸை எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது.