ஆண் வாரிசே வேண்டாம்!

பெண் சிசுக்கொலை பத்தி நாம நிறையவே படிச்சாச்சு. 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே அதைத் தடுக்கத்தான். அதுக்கு நேர் எதிரான கதை ஒண்ணு பூச்சி உலகத்துல இருக்கு. கொல்றது பாக்டீரியா, சாகிறது ஆண்கள் மட்டும்.

கதையில வர்ற பட்டாம்பூச்சி நம்ம ஏரியாவுலயும் உண்டு. மழை விட்டதும் தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் காலி மனைகளில் பார்த்திருப்பீங்க. கருப்பு இறக்கை, நீலம் சுத்தின வெள்ளைப் பொட்டு. அது ஆண். பெண் பழுப்பு. கிரேட் எக்ஃப்ளைன்னு பேரு. இங்கிருந்து பசிபிக் தீவுகள் வரை இதோட சொந்தபந்தம் பரவிக் கிடக்கு.

நம்மாட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாப் போன அதே ஃபிஜியில், 1920களில் சிம்மண்ட்ஸ் என்பவர் இதை வளர்த்துப் பார்த்தார். சில தாய்களுக்குப் பொறந்ததெல்லாம் பெண்! ஏன்னு யாருக்கும் புரியலை. 1924-ல் அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் ரெண்டு பேரும் கொசுவுக்குள்ள ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. அதுதான் வோல்பாக்கியா. இந்த ரெண்டுக்கும் முடிச்சுப் போட 2002 வரை ஆச்சு.

பாக்டீரியாவோட கணக்கு ரொம்பக் கறார். தாயின் முட்டை வழியாத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகமுடியும். மகன் அதுக்கு முட்டுச்சந்து. ஆண் கருவைக் கொன்னுட்டா, மிச்ச இலை அக்கா தங்கச்சிகளுக்கு. அவங்க மூலமா இதுக்கும் வாழ்வு.

சமோவா தீவுகளில் 2001-ல எண்ணினப்போ 100-க்கு ஒண்ணுதான் ஆண். அவ்ளோதான், வம்சம் முடிஞ்சதுன்னு நினைப்போம் இல்லையா? 2006-ல ஆண்கள் சுமார் 40! பாக்டீரியா ஓடிப்போகலை. அது கொல்றதைத் தடுக்கிற மரபணு பட்டாம்பூச்சிகளிடம் பரவிடுச்சு. அதுவும் பத்தே தலைமுறையில்.

வோல்பாக்கியாவில் எல்லா வகையும் கொலைகாரன் இல்லை. ஆணைக் கொல்லாத ரெண்டு வகையைக் கொசுவுக்குள்ள ஏத்தி, டெங்கு வைரஸ் பெருகாம தடுக்கிற கொசுக்களை உருவாக்கியிருக்கோம்னு புதுச்சேரி ஐசிஎம்ஆர் ஆய்வு மையம் 2022-ல் அறிவிச்சது.

இந்த வரலாற்றுல எனக்குப் பெரிய மனுஷனாத் தெரியறது சிம்மண்ட்ஸ்தான். காரணம் தெரியாமலே எண்ணி, எழுதி வெச்சுட்டுப் போனார். 2001-ல எண்ணலைன்னா 2006-ல வந்த மாற்றமும் யார் கண்ணுலயும் பட்டிருக்காது. அதனால மக்களே, அடுத்த மழைக்கு அந்த நீலப் பொட்டுக்காரனைப் பார்த்தா தேதியோட குறிச்சு வைங்க. கூட பழுப்பம்மா எத்தனைன்னும் சேர்த்து!