கொடுங்கோல் மன்னனுக்கு மரண தண்டனை

குடிகளை வதைக்கும் அரசனின் உயிரைப் பறிப்பது முறையா என்ற விவாதம் ஐரோப்பாவில் ஈராயிரம் ஆண்டுகள் பழையது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டதைச் சிசரோ நியாயப்படுத்தினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தனிமனிதர் எவரும் தாமாக அதில் இறங்கக் கூடாது, பொது அதிகாரம் பெற்றவர்களே செயல்பட வேண்டும் என்றார். ஸ்பானிய இயேசு சபைக் குரு ஹுவான் டி மரியானா 1599இல் கொடுங்கோலனைக் கொல்வதை ஆதரித்து எழுதினார். 1610இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி கொலையுண்டதும் அந்த நூல் பாரிஸில் எரிக்கப்பட்டது. ஆனால் இந்த விவாதமெல்லாம் பெரும்பாலும் கத்தியோடு பாய்ந்து கொல்வதைச் சுற்றியே நடந்தது. 1587இல் ஸ்காட்லாந்தின் மேரி விசாரணைக்குப் பின் தலை வெட்டப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் ஏற்கெனவே அரியணை இழந்தவர், தண்டித்ததும் வேறொரு நாட்டு அரசி. ஆட்சியில் இருக்கும் மன்னரை அவருடைய குடிகளே பகிரங்கமாகக் கூண்டில் ஏற்றியது 1649இல் இங்கிலாந்தில்தான்.

அந்த மன்னரான முதலாம் சார்ல்ஸ் 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்டார். போர் அபாயத்தின்போது கடலோர ஊர்கள் தந்துவந்த கப்பல் வரியை உள்நாட்டு மாவட்டங்கள் மீதும் சுமத்தினார். 1642இல் அவருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. தோற்றுக் காவலில் இருந்தபோதே 1647 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர்களுடன் இரகசிய உடன்பாடு செய்துகொண்டு, மறு ஆண்டே இரண்டாவது போருக்கு வழிவகுத்தார். நாடாளுமன்றப் படை அதிகாரிகளின் பொறுமை அத்தோடு முடிந்தது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையினர் இன்னும் சமரசம் பேசவே விரும்பினார்கள். 1648 டிசம்பர் 6 அன்று கர்னல் தாமஸ் பிரைட் படையோடு கீழவையின் வாசலில் நின்று, வேண்டாத உறுப்பினர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார், சிலரைச் சிறைப்பிடித்தார். மிஞ்சியவர்கள், மேலவை மறுத்தும் கேளாமல், நீதிமன்றம் ஒன்றை அமைத்தார்கள். நியமிக்கப்பட்ட 135 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் வரவேயில்லை. படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸ்கூட ஒதுங்கிக்கொண்டார்.

ஜனவரி 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. தலைவர் ஜான் பிராட்ஷா உயிருக்கு அஞ்சி, உள்ளே எஃகு பதித்த தொப்பி அணிந்திருந்தார். வழக்கறிஞர் ஜான் குக் குற்றப்பத்திரிகையை வாசிக்க எழுந்ததும், சார்ல்ஸ் அவரைத் தடுக்கத் தம் கைத்தடியால் தோளில் தட்டினார். தடியின் வெள்ளிப்பூண் கழன்று விழுந்தது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று மன்னர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

குக்கின் வாதம் துணிச்சலானது. நாட்டின் சட்டப்படி ஆளும் அளவான அதிகாரம் மட்டுமே சார்ல்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது; அதை மீறித் தம் குடிகள்மீதே போர் தொடுத்ததால், அந்தப் போரில் நடந்த கொலை, கொள்ளை, தீவைப்பு அனைத்துக்கும் அவரே பொறுப்பு என்றார் அவர். சார்ல்ஸ் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவே மறுத்தார். எந்த அதிகாரத்தில் என்னை விசாரிக்கிறீர்கள், சட்டத்துக்குப் புறம்பான பலம் சட்டத்தையே மாற்றலாம் என்றால் யாருடைய உயிருக்கும் உடைமைக்கும் காப்பு ஏது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தாமே சட்டத்தை வளைத்து ஆண்டவர் என்றாலும் அந்தக் கேள்வி செல்லாததாகிவிடாது. சாட்சிகளை அவர் இல்லாத அறையில் விசாரித்தார்கள். 27ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதன்பின் பேச அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மரண ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். குளிரில் நடுங்கினால் பயந்து நடுங்குவதாக நினைப்பார்கள் என்று சார்ல்ஸ் இரண்டு சட்டை அணிந்துகொண்டு, ஜனவரி 30 அன்று வைட்ஹாலில் எழுப்பிய மேடை ஏறினார். வெட்டியவர் முகமூடி அணிந்திருந்தார்.

மன்னரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரே என்று குக் நிலைநாட்ட முயன்றது சரி. தீர்ப்பு சொன்ன மன்றம்தான் சரியில்லை. வாளைக் காட்டி வடிகட்டிய அவை மக்களின் பெயரால் உயிரெடுக்க உரிமை பெறாது.

சில வாரங்களுக்குள் கவிஞர் ஜான் மில்டன் தண்டனையை ஆதரித்து நூல் வெளியிட்டார்: அதிகாரம் மக்கள் நம்பி ஒப்படைத்தது, அதைத் திரும்பப் பெறுவது அவர்களின் உரிமை. தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1651இல் இதற்கு எதிர்முனையில் நின்றார்: அரசரின் செயல்களுக்குக் குடிகளே கர்த்தாக்கள், ஆகவே தாம் செய்ததற்கு அவர்கள் இன்னொருவரைத் தண்டிக்க முடியாது. 1660இல் முடியாட்சி திரும்பியதும் குக்கைத் தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது மன்னர் பதினாறாம் லூயியின் விசாரணை இதே சிக்கலை இன்னும் கூர்மையாக்கியது. 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பு மன்னரைத் தண்டனைக்கு அப்பாற்பட்டவர் என்று அறிவித்திருந்தது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபெஸ்பியர் விசாரணையே தேவையில்லை என்றார்: மக்கள் எழுச்சி ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது, மன்னர் நிரபராதியாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டால் புரட்சிதான் குற்றவாளியாகும். முடியாட்சியைக் கடுமையாக எதிர்த்த தாமஸ் பெய்னோ லூயியை அமெரிக்காவுக்கு நாடுகடத்தச் சொன்னார். அரசமுறையை ஒழிக்க அரசனாக இருந்த மனிதனின் தலை தேவையில்லை என்ற இந்த நிலைப்பாடே லூயியை விசாரித்த அவையில் ஒலித்தவற்றுள் வலுவானது. அது தோற்றது, 1793 ஜனவரி 21 அன்று லூயி கில்லட்டினில் இறந்தார். மன்னரைச் சட்டத்தின் பெயரால் கொல்வது அவரைக் கொலை செய்வதைவிடக் கொடியது, ஏனெனில் சட்டத்தின் ஊற்றையே அது அழிக்கிறது என்று 1797இல் தத்துவஞானி கான்ட் எழுதினார்.

ரஷ்யாவில் அரியணை இழந்த ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸுக்கும் பகிரங்க விசாரணை நடத்த, ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் எண்ணினார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியே குற்றம் சாட்டும் பொறுப்பை ஏற்க விரும்பினார். அது நடக்கவில்லை. 1918 ஜூலை 17 அதிகாலை, எகடெரின்பர்க்கில் ஒரு வீட்டின் கீழ்த்தள அறையில் அவரையும் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் உடனிருந்த ஊழியர் நால்வரையும் கொன்றார்கள். நிக்கோலஸ் மட்டுமே சுடப்பட்டார், மனைவியும் மகனும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப்பட்டனர் என்று அரசு அறிவித்தது.