தாய்மனம் அறிந்த வரலாறு

பிள்ளை பெற்றவளைக் காணச் செல்வோர் குழந்தை ஆணா, பெண்ணா என்று வினவுவர். எடை எவ்வளவு என்பர். பெற்றவளின் உள்ளம் எவ்வாறுள்ளது என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினா மருத்துவ உலகில் தோன்றி நம் தமிழை வந்தடைந்த வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மகப்பேற்றை அடுத்துச் சில நாள் அழுகை வருதல் பலர்க்கும் இயல்பு; இரண்டு வாரத்திற்குள் அது தானே தணியும். தணியாது நீடித்து, உறக்கம் கெட்டு, அச்சம் மிகுந்து, குழந்தையின்பால் நாட்டமும் குறையுமாயின் அது நோய். நம்மவர் அதனைக் காற்றுக் கருப்பு என்றனர். சோம்பல் என்று ஏசியோரும் உளர். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே 1858-ஆம் ஆண்டிலேயே இது பற்றித் தனிநூல் எழுதினார். எனினும், மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் இதனைக் கண்டறிவது எங்ஙனம் என்னும் சிக்கல் நெடுங்காலம் தீரவில்லை.

1987-இல் ஸ்காட்லாந்து நாட்டில் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சாகோவ்ஸ்கி ஆகிய மூவர் எளியதொரு வழி கண்டனர். அதுவே எடின்பரோ அளவுகோல். கடந்த ஏழு நாள் மனநிலை பற்றிய 10 வினாக்கள். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இறுதி வினா, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. இது நோயை உறுதி செய்வதன்று. மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர் யார் எனக் காட்டுவதே இதன் பணி.

வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் நிகழ்ந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பிள்ளை பெற்ற மகளிரில் நூற்றுக்கு 11 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். குறைந்த வருவாய், ஆண் மகவை எதிர்நோக்கிய வீட்டில் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைத்துணை இன்மை ஆகியவை அதனோடு சேர்ந்து காணப்பட்டன. இவற்றுள் பேயின் வேலை யாது? யாவும் மனிதர் செய்தவையே. ஆதலின் மனிதரால் மாற்றத் தக்கவையே.

2005-இல் அவ்வளவுகோலின் தமிழ் வடிவம் 137 தாய்மாரிடம் சோதிக்கப்பட்டது. வினாக்கள் அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டப்பெற்றன, எழுத்தறியாமை தடையாகவில்லை. ஸ்காட்லாந்தில் 13 மதிப்பெண் பெற்றோர் நோயுற்றிருக்கக்கூடும் எனக் கொள்ளப்பட்டது. நம் தாய்மார்க்கோ 9 என்னும் எல்லையே பொருந்துவதாயிற்று. அயலார் எல்லையை அப்படியே ஏற்றிருந்தால் துயருற்றோர் பலர் நலமுடையோர் எனக் கணக்கிடப்பட்டிருப்பர். மொழிபெயர்த்தல் மட்டும் போதாது. நம் மக்களிடமே சோதித்தறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கண்டறிந்த பின் செய்வது யாது? பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டச் சிற்றூர்களில் பள்ளிப்படிப்பு மட்டுமே பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சி தந்து, நோயுற்ற தாய்மாரின் இல்லம் சென்று உரையாடச் செய்தனர். 2008-இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்து அத்துணை பெற்றோரில் நூற்றுக்கு 23 பேரிடமே நோய் எஞ்சியது. பெறாதோரில் 53 பேரிடம் நீடித்தது.

கல்விச் சங்கத்தார்க்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? பள்ளி முடித்த ஒரு பெண், முறையான பயிற்சி பெற்றால், ஒரு தாயை மீட்கலாம். நம் ஆதம்பாக்கத்தில் வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தாய்மார் பலர். அவர்களைப் பிறர் செவிபடாத இடத்தில் அமர்த்தி, பொறுமையுடன் கேளுங்கள். துயரம் நீடிப்பின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம். உயிர் மாய்க்கும் எண்ணம் தெரியவரின் அவளைத் தனியே விடாது அன்றே மருத்துவமனை சேர்க்க. கேட்டறிந்தபின் வாளாவிருத்தல் கேளாமையினும் தீது.

நம் சங்கம் பயிற்றுவித்த எழுத்து, ஏட்டோடு நில்லாது, எளிய தாயின் இல்லம் வரை செல்வதாகுக.