மூன்று நாடா, ஒரு சேலை

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு, குறுக்கு நூலை (ஊடையை) ஓட்டும் நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. மூன்றையும் ஒருவரே வீசுவது கஷ்டம் என்பதால் தறியில் பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்காருவார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான். அரக்கு உடல், பச்சைக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு நிற இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும், கலந்துவிடாது.

ஊரின் பாட்டில் இப்படி வெவ்வேறு இழைகள் கலக்காமல் சேர்ந்து ஓடும் வழக்கம் கிடையாது. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் புறப்பட்டால் முன்னால் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத பாராயண கோஷ்டி. எத்தனை தொண்டை சேர்ந்தாலும் ஒரு கோஷ்டிக்கு ஒரே ஓசைதான். அதில் யார் சேரலாம், முதலில் சொல்லும் ஆசாரியத் துதி மணவாள மாமுனிகள் தனியனா, தேசிகர் தனியனா என்ற வைணவ வடகலை, தென்கலைப் பிரிவுகளின் சண்டை 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது. இன்னும் ஓயவில்லை. சேர்ந்து சொல்வதை இந்த ஊர் அவ்வளவு பெரிதாக நினைக்கிறது!

கச்சேரியிலும் பாட்டு ஒரே இழைதான். லயத்தில் புலியான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) ‘ஃபுல் பெஞ்ச்’ என்று மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என வரிசையாக உட்கார வைத்துப் பாடினார். தாளத்துக்கு அத்தனை பேர். ராகத்துக்கு ஒரே கோடு.

ஒரே பாட்டை ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தில் பாடும் ஹார்மனி தமிழ்நாட்டுக்குத் தேவாலயங்கள் வழியாக வந்தது. அதைக் கோயிலும் அல்லாத, தேவாலயமும் அல்லாத பொது மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். 1970களில் அவருடைய மெட்ராஸ் யூத் கொயர் பாரதி பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாடியது. தமிழில் இதற்குப் பெயர், சேர்ந்திசை.

பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசையைத் தொடங்கிவைக்கத் தம்புராவே போதும். அதில் பஞ்சமமும் சட்ஜமும் ஏற்கெனவே சேர்ந்துதான் ஒலிக்கின்றன. ஒரு வரிசை ‘ச’ பிடிக்க வேண்டும், அடுத்த வரிசை ‘ப’. கேட்க எளிது. இரண்டு நிமிஷத்தில் ‘ப’ வரிசையில் பாதிப் பேர் பக்கத்து வரிசையின் சட்ஜத்துக்கு நழுவிவிடுவார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொள்வாள். பக்கத்துக் குரலைக் கேட்க வேண்டும், ஆனால் அதன் பின்னால் போகக் கூடாது; பாடம் முழுக்க இந்த ஒன்றுதான்.

எட்டாம் வகுப்பில் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும். அந்த வயதில் பாட்டு வாத்தியார்கள் வழக்கமாக, “கொஞ்ச நாள் பாடாதே” என்று நிறுத்தி வைப்பார்கள். சேர்ந்திசையில் அவன் பின்வரிசையில் நின்று கீழ் சுரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். மேல் சட்ஜத்துக்கு ஏறு என்று அவனை யாரும் கேட்கப்போவதில்லை.