கல்லை உடைத்த அலை வடுவை நேராக்குமா?



போன ஞாயிறு முக்கொம்பில் பழைய மாணவர் ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்தில் நின்று, "சார், வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். ஆணுறுப்பில் ஒரு தடிப்பு, வளைவு, வலி. அதிர்வலை சிகிச்சை கொடுத்தால் நேராகிவிடும் என்று ஓர் இடத்தில் பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் இதையெல்லாமா என்று முகம் சுளிக்காதீர்கள். வெட்கத்தால் வாய் திறக்காதவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நான் மருத்துவன் அல்ல. படித்துத் தெரிந்துகொண்ட வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

இதற்குப் பெய்ரோனி நோய் என்று பெயர். பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெய்ரோனி 1743இல் இதைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன வைத்தியம் பாரேஜ் என்ற ஊரின் ஊற்று நீரில் குளிப்பது! அன்று தொடங்கி எத்தனையோ வைத்தியங்கள் வந்து போய்விட்டன.

அதிர்வலையின் கதை வேறு. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம், அதிவேக விமானத்தின் மேல் மழைத்துளி மோதும்போது எழும் அலைகளை ஆராய்ந்தது. அந்த அறிவு மருத்துவத்துக்கு வந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் சவுசி, கத்தி வைக்காமலே ஒருவரின் சிறுநீரகக் கல்லை அலையால் உடைத்தார். பெரிய சாதனை. கல்லை உடைக்கும் அலை இந்தத் தடிப்பையும் கரைக்காதா என்று பிறகு முயன்று பார்த்தார்கள்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். அந்தத் தடிப்பு கல் அல்ல, வடு. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ராமச்சந்திரன், நம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனின் மாணவர். கல்லை அடித்தால் சிதறும். கயிற்றை அடித்தால்?

ஊகம் போதாது, சோதனை வேண்டும். 2013இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ அலையும் மறுபாதிக்குப் பொய்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். வலி இருந்தவர்களில் நிஜ அலை பெற்ற 20 பேரில் 17 பேருக்கு வலி குறைந்தது. பொய்ச் சிகிச்சை பெற்ற 25 பேரிலும் 12 பேருக்குக் குறைந்தது! இந்த நோயில் வலி பலருக்குத் தானாகவே அடங்கும். ஆனால் வளைவு விஷயத்தில் நிஜ அலையால் பலன் இல்லை. 2009இல் வந்த இத்தாலிய ஆய்விலும் வலி குறைந்தது, வளைவு நிமிரவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் சங்கம் 2015இல் வழிகாட்டுதல் தந்தது. வளைவைக் குறைக்கவோ தடிப்பைச் சிறிதாக்கவோ அதிர்வலை வேண்டாம். வலிக்கு வேண்டுமானால் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. வளைவுக்கு ஊசி மருந்து உண்டு, நோய் ஒரு நிலைக்கு வந்தபின் அறுவை சிகிச்சையும் உண்டு. எது யாருக்கு என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, யாராவது விலை உயர்ந்த சிகிச்சையைச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எதற்குப் பலன், வலிக்கா வளைவுக்கா? பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? வகுப்பில் கைதூக்கிக் கேட்டவர்கள் நீங்கள். மருத்துவரிடமும் கேட்கலாம், தப்பில்லை.

அந்த மாணவர் நேற்று போன் செய்தார். நகை வீட்டிலேயே இருக்கிறது. மனைவியிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.