வினைமுற்றுக்குக் காத்திருந்த செவிகள்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையும்

முன்னுரை

தமிழ் ஒலிபரப்பு வரலாற்றில் நாடகக் கலைஞரும் செய்தி வாசிப்பாளரும் பெற்ற இடத்தை விளையாட்டு வர்ணனையாளர் பெறவில்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் (1939–2020) பணியை முன்வைத்து, வர்ணனையாளரை மொழியாக்குநராகக் கருத வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தென்கோடியின் ஒலிவெளி

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கு மிக அருகிலிருந்த திருவனந்தபுரம் வானொலி முதன்மையாக மலையாளத்தில் ஒலித்தது. திருநெல்வேலி நிலையம் 1963-இல் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984-இல் நாகர்கோவிலில் அமைந்தது. இவற்றோடு கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் தமிழும் தென்மாவட்டச் செவிகளைப் பழக்கியது. நாஞ்சில் நாட்டை அடுத்த நெல்லைச் சீமையைச் சேர்ந்த அப்துல் ஜப்பார் அவ்வானொலியின் நாடகங்களில் பயின்றவர். ஒலியால் மட்டுமே காட்சியை எழுப்பும் அப்பயிற்சியே பின்னர் அவரது வர்ணனைக்கு அடித்தளமாயிற்று.

வர்ணனையின் இலக்கணம்

1980களில் வானொலியில் வளர்ந்த தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையில் வி. இராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோருடன் இவரும் குறிப்பிடத்தக்கவர். தமிழகத்தில் ‘மட்டையாளர்’ எனவும் இலங்கையில் ‘துடுப்பாட்ட வீரர்’ எனவும் வழங்கும் இரு சொல் மரபுகள் உள்ளன. கலைச்சொற் குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து சொல்லைத் தேரலாம். வர்ணனையாளருக்கோ அடுத்த பந்து வீசப்படும் வரையே அவகாசம். கேட்போருக்கு உடனே விளங்காத சொல் அங்கேயே வீழும்.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். ‘பிடித்தார்’, ‘தவறவிட்டார்’ என்னும் முடிவு இறுதிச் சொல்லிலேயே வெளிப்படும். வானொலிக்கு இவ்வமைப்பு இயல்பான எதிர்பார்ப்பை நல்கியது; கேட்பவர் வினைமுற்றுக்குக் காத்திருந்தார். தொலைக்காட்சியிலோ கண் வினைமுற்றை முந்திவிடுகிறது. எனவே நிகழ்வைச் சொல்லுதல் குறைந்து, காரணத்தை விளக்குதல் முதன்மை பெற்றது. பிற்காலத்தில் தொலைக்காட்சியிலும் வர்ணனை செய்த அப்துல் ஜப்பார் இவ்விரு நிலைகளையும் இணைக்கும் தலைமுறையினர். 1999 உலகக் கோப்பையின்போது ஐ.பி.சி. தமிழ் வானொலி வழியாக அவர் குரல் புலம்பெயர்ந்த தமிழரையும் எட்டியது.

முடிவுரை

2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கெனத் தனி அலைவரிசை தொடங்கியது. அங்கு முன்னாள் வீரர்களே பெரிதும் வர்ணனை செய்கின்றனர். ஆட்ட அறிவு அவர்களின் வலிமை. மொழிப் பயிற்சி முன்னோரின் வலிமை. இவ்வேறுபாட்டை மதிப்பிட முந்தைய வர்ணனைகள் சான்றாக வேண்டும். ஆனால், வர்ணனை அச்சேறும் இலக்கியமன்று. சொன்ன கணமே காற்றில் கரைவது. அப்துல் ஜப்பாரின் ‘காற்று வெளியினிலே’ போன்ற நினைவு நூல்கள் ஒருபுறச் சான்றே. மறுபுறச் சான்று, அக்குரலைக் கேட்டு வளர்ந்தோரின் நினைவு. அத்தலைமுறை இன்று முதுமையை நோக்கி நகர்கிறது. குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் அவர்தம் நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்வது தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும்.